பட்டன் கத்தியும் பத்திரிகைக் கட்டுரையும்: பயத்தில் பிறக்கும் ஆயுதத் தடைச் சட்டங்கள் வேலை செய்கின்றனவா?

2024 ஆகஸ்ட் 27-ம் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாண உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பட்டனை அழுத்தினால் 'சடக்'கென்று விரியும் மடக்குக் கத்தியை எடுத்துச் செல்வது குற்றம் என்ற அந்த மாகாணச் சட்டம் செல்லாது என்பதுதான் தீர்ப்பு. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அமலில் இருந்த சட்டம் அது.

பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கத்தியைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோடு போட்ட பனியனும் கழுத்தில் கைக்குட்டையுமாக வரும் அடியாள் சட்டைப் பையிலிருந்து எடுப்பானே, அதே பட்டன் கத்திதான். ஆங்கிலத்தில் ஸ்விட்ச் பிளேடு. பிரிட்டனில் ஃபிளிக் நைஃப்.

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய சண்டை எப்போதும் நடந்துகொண்டே இருக்கும். அதற்கு நடுவே ஒரு மடக்குக் கத்திக்கு நாடு முழுக்கத் தனிச் சட்டம் எப்படி வந்தது? சமையலறைக் கத்திக்கு இல்லாத தடை இதற்கு மட்டும் ஏன்? இதைத் தோண்டிப் பார்த்தால், ஊடகம் கிளப்பும் பயம் சட்டமாக மாறும் பாதை முழுசாகத் தெரிகிறது. இன்று ஏஆர்-15 துப்பாக்கி பற்றியும், பிரிட்டனில் 'ஜோம்பி கத்தி' பற்றியும் நடக்கும் விவாதங்களைப் புரிந்துகொள்ளவும் இந்தப் பழைய கதை உதவும்.

'கொல்லும் பொம்மை'

1950 நவம்பர். 'வுமன்ஸ் ஹோம் கம்பானியன்' என்ற அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் ஜாக் ஹாரிசன் போலாக் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு, 'கொல்லும் பொம்மை'. சமையல் குறிப்பும் குழந்தை வளர்ப்பும் படிக்கும் வீட்டுக்குப் போன பத்திரிகை அது. உங்கள் மகன் காசு கொடுத்துச் சுலபமாக வாங்கும் இந்தக் கத்தி ரிவால்வர் அளவுக்கு ஆபத்தானது, வன்முறைக்காகவே செய்யப்பட்டது என்ற ரீதியில் கட்டுரை போனது. படித்த அம்மாக்களுக்கு அடிவயிறு கலங்கியிருக்கும்.

உண்மையில் அந்தக் கத்தி வன்முறைக்காகப் பிறந்தது இல்லை. ஜார்ஜ் ஷ்ரேட் என்பவர் 1892-லேயே நியூயார்க்கில் பட்டன் கத்திக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மடக்குக் கத்தியைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். இதற்கு ஒரு கை போதும். விற்பனைக்கான காரணமே அதுதான். ஒரு கையில் கயிற்றைப் பிடித்திருக்கும் விவசாயிக்கும் மீனவருக்கும் அது வசதி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க பாராசூட் வீரர்களுக்கே பட்டன் கத்தி கொடுத்தார்கள். மரத்தில் தொங்கினால் ஒற்றைக் கையால் கயிற்றை அறுத்துக்கொண்டு இறங்க வேண்டும் அல்லவா?

போர் முடிந்து திரும்பிய வீரர்கள் இத்தாலியிலிருந்து கூரான, மெல்லிய ஸ்டிலெட்டோ ரகக் கத்திகளை ஊருக்கு எடுத்து வந்தார்கள். பார்க்க ஸ்டைலாக இருக்கும், விலையும் குறைவு. தபாலில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வரும். 1950-களின் நகரத்து இளைஞர் கும்பல்கள் சிலவற்றின் கையில் இது இருந்தது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பட்டன் கத்திகள் அமெரிக்காவில் தயாராகிக்கொண்டிருந்தன. அவற்றில் எத்தனை குற்றத்துக்குப் போயின என்ற கணக்கு மட்டும் இல்லை.

சினிமா போட்ட எண்ணெய்

அடுத்து சினிமா. 1955-ல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' வந்தது. வகுப்பறையில் மாணவன் ஆசிரியரை நோக்கிக் கத்தியை நீட்டுகிறான். அதே ஆண்டில் 'ரெபல் விதவுட் எ காஸ்'. ஜேம்ஸ் டீன் லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் வானாய்வகத்தின் வெளியே கத்திச் சண்டை போடுகிறார். 1957-ல் 'வெஸ்ட் சைடு ஸ்டோரி' நாடகமாக மேடையேறியது. திரையில் 'சடக்' சத்தம் கேட்டாலே இளைஞன் கெட்டுப்போய்விட்டான் என்று அர்த்தம் என்றாகிவிட்டது.

இதில் ஒரு படம் மட்டும் வேறு மாதிரி. 1957-ல் வந்த 'டுவெல்வ் ஆங்ரி மென்'. தந்தையைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட சேரிப் பையனின் பட்டன் கத்தி அபூர்வமானது, இதைப் போல் இன்னொன்று கிடையாது என்று ஜூரிகள் அடித்துப் பேசுகிறார்கள். ஹென்றி ஃபோண்டா தன் பையிலிருந்து அச்சு அசலாக அதே போன்ற ஒரு கத்தியை எடுத்து மேசையில் குத்துகிறார். பக்கத்துத் தெருக் கடையில் சாதாரணமாக வாங்கியது. பிறகு, இந்த ரகக் கத்தியைப் பழகியவன் இப்படி மேலிருந்து கீழாகக் குத்த மாட்டான் என்று இன்னொரு ஜூரி விளக்குகிறார். கத்தியைப் பார்த்ததும் பையனைக் குற்றவாளி என்று முடிவு கட்டிய மனநிலையைத்தான் படம் உரித்துக் காட்டியது. ஆனால் சட்டம் இயற்றியவர்களிடம் அந்தப் படம் எடுபட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்க செனட்டில் அப்போது இளம் குற்றவாளிகள் பற்றி ஆராய ஒரு துணைக்குழு இருந்தது. பட்டன் கத்திக்கு முன்பு இதே குழுவின் கண்ணில் பட்டது எது தெரியுமா? காமிக்ஸ் புத்தகம். 1954-ல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புத்தகமே எழுதினார். செனட் குழுவிலும் வந்து சாட்சி சொன்னார். பயந்துபோன காமிக்ஸ் நிறுவனங்கள் தாங்களே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டன. அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, கரோல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தாமின் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தார். பிள்ளைகள் சொன்னதை வெட்டியும் ஒட்டியும் தனக்கு வேண்டிய மாதிரி அவர் மாற்றியிருந்தது தெரியவந்தது.

காமிக்ஸ் முடிந்தது, அடுத்து கத்தி. நியூயார்க் மாகாணம் 1954-ல் முதலில் தடை போட்டது. பிறகு நாடாளுமன்றம். 1958 ஆகஸ்ட் 12-ம் தேதி கூட்டாட்சி பட்டன் கத்திச் சட்டம் நிறைவேறியது. மாகாணம் விட்டு மாகாணம் விற்பதும் அனுப்புவதும் குற்றம். ஐந்தாண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். வீட்டில் வைத்திருப்பதை இந்தக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. அதை மாகாணங்கள் தங்கள் விருப்பப்படி செய்துகொண்டன.

சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒரு கை மட்டுமே உள்ளவர், மூன்று அங்குலத்துக்கு மிகாத பட்டன் கத்தியை வைத்துக்கொள்ளலாம். அதாவது, ஒற்றைக் கையால் திறக்க ஒருவருக்கு நியாயமான தேவை இருக்கலாம் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

சரி, குற்றம் குறைந்ததா?

நேரடியாகப் பதில் சொல்லவே முடியாது. காரணம் எளிமையானது. எஃப்பிஐ கொலைக் கணக்கில் 'கத்தி அல்லது வெட்டும் கருவி' என்று ஒரே கட்டம்தான். வெங்காயம் நறுக்கும் கத்தியும் பட்டன் கத்தியும் அதில் ஒன்றாகவே விழும். பிரச்னை எவ்வளவு பெரிது என்று சட்டத்துக்கு முன்பும் அளக்கவில்லை. சட்டத்துக்குப் பின்பும் அளக்கவில்லை.

மொத்தக் கொலை விகிதத்தைப் பார்க்கலாம். 1960-ல் லட்சம் பேருக்கு 5.1 ஆக இருந்தது, 1980-ல் 10.2 ஆனது. இரண்டு மடங்கு. இதற்குக் கத்திச் சட்டம் காரணமில்லை. ஆனால் பிள்ளைகளைக் காப்பாற்றப் போகிறோம் என்று கொண்டுவந்த சட்டத்துக்கும் தெருவில் நடந்ததற்கும் பெரிய தொடர்பு இல்லை என்பது மட்டும் புரிகிறது. கும்பல்கள் கத்தியை விட்டுவிட்டுக் கைத்துப்பாக்கிக்குப் போன காலம் அது.

நியூயார்க்கில் நடந்த விபரீதம்

வேலை செய்யாத சட்டம் புத்தகத்தில் சும்மா கிடந்தால் பரவாயில்லை. நியூயார்க்கில் அது சும்மா கிடக்கவில்லை.

பட்டன் கத்தியைத் தடை செய்ததும் விற்பனையாளர்கள் 'கிராவிட்டி' கத்திக்கு மாறினார்கள். ஜெர்மன் பாராசூட் வீரர்கள் பயன்படுத்திய ரகம். ஸ்பிரிங் கிடையாது, தலைகீழாகப் பிடித்தால் புவியீர்ப்பால் அலகு தானாக வெளியே விழும். 1958-ல் நியூயார்க் அதையும் தடை செய்தது. புவியீர்ப்பாலோ வீசும் விசையாலோ திறந்து, பூட்டிக்கொள்ளும் எந்தக் கத்தியும் குற்றம் என்று சட்டம் எழுதினார்கள். அந்த 'வீசும் விசை' என்ற வார்த்தைதான் வினையானது.

அசல் கிராவிட்டி கத்திகள் கடைகளிலிருந்து மறைந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் தச்சர், எலக்ட்ரீஷியன், கடையில் அட்டைப்பெட்டி பிரிப்பவர், மேடை நாடகத் தொழிலாளி என்று எல்லோரும் பையில் சாதாரண மடக்குக் கத்தி வைத்திருப்பார்கள். ஹார்ட்வேர் கடையில் பகிரங்கமாக விற்பதுதான். போலீஸ்காரர் அதை வாங்கி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பார். திறந்துவிட்டால் கிராவிட்டி கத்தி, கைது! முதல் முறை திறக்காவிட்டால் இரண்டாவது முறை, மூன்றாவது முறை முயல்வார்கள் என்று வழக்கறிஞர்கள் புகார் சொன்னார்கள். திருகாணி தளர்ந்த பழைய கத்தியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே தண்டனை பெற்றவர் என்றால் ஏழு ஆண்டு வரை சிறைக்கு வழி உண்டு.

2014-ல் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழ் இதைத் தோண்டியெடுத்தது. பத்தாண்டுகளில் 60,000 பேர் வரை இந்தச் சட்டத்தில் கைதாகியிருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. கைதானவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். விற்ற கடைக்காரர் அபராதத்தோடு தப்பிக்கலாம். வாங்கியவர் லாக்கப்பில்.

இந்தச் சட்டத்தை நீக்க மாகாண சட்டமன்றம் பெரும் ஆதரவோடு மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ 2016-ல் நிராகரித்தார். 2017-ல் மறுபடி அனுப்பினார்கள், மறுபடி நிராகரித்தார். இந்தக் கத்தியை எடுத்துச் செல்ல அனுமதித்தால் ஆபத்து என்பதுதான் போலீஸ் தரப்பும் அரசு வழக்கறிஞர் தரப்பும் சொன்ன காரணம். 2019 மார்ச்சில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, இந்தச் சட்டம் எது குற்றம் என்று மக்களுக்குப் புரியாத அளவுக்குத் தெளிவற்றது என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு மே மாத இறுதியில் குவோமோ கையெழுத்துப் போட்டார். 61 ஆண்டுகள்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயத்தைக் கிளப்பியது ஒரு பத்திரிகை, கடைசியில் அதன் விளைவை அம்பலப்படுத்தியதும் ஒரு பத்திரிகைதான். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எளிதானது. இரண்டாவது பத்திரிகை எண்ணிப் பார்த்தது.

இல்லாத 'பிளாஸ்டிக் துப்பாக்கி'

கத்தியோடு கதை முடியவில்லை. 1986 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் ஜாக் ஆண்டர்சன், டேல் வான் அட்டா இருவரும் எழுதிய பத்தி ஒன்று பெரும் பரபரப்பைக் கிளப்பியது. லிபியாவின் கடாஃபி, ஆஸ்திரியாவில் தயாராகும் பிளாஸ்டிக் கைத்துப்பாக்கிகளை வாங்க முயல்கிறார் என்பது செய்தி. விமான நிலையச் சோதனையில் சிக்காமல் பயங்கரவாதிகள் விமானம் ஏறிவிடுவார்கள் என்ற பீதி பரவியது. விமானக் கடத்தல்கள் அடிக்கடி நடந்த காலம். யாருக்குத்தான் பயம் வராது?

அந்தத் துப்பாக்கி வேறு எதுவுமில்லை, க்ளாக் 17. பிடியும் சட்டமும்தான் பாலிமர். மேல்பகுதியும் குழலும் முழுக்க எஃகு. மெட்டல் டிடெக்டரில் கத்தும், எக்ஸ்ரேயில் துப்பாக்கியாகவே தெரியும். ஆனால் 'பிளாஸ்டிக் துப்பாக்கி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1990-ல் வந்த 'டை ஹார்டு 2' படத்தில் புரூஸ் வில்லிஸ், பீங்கானால் செய்த 'க்ளாக் 7' பற்றி வசனமே பேசுவார். அப்படி ஒரு துப்பாக்கி உலகத்திலேயே கிடையாது.

1988-ல் கண்டறிய முடியாத துப்பாக்கிகள் சட்டம் வந்தது. குறைந்தது 3.7 அவுன்ஸ், அதாவது சுமார் 105 கிராம் எஃகுக்கு இணையாக மெட்டல் டிடெக்டரில் பதிவாக வேண்டும் என்பது விதி. அப்போது சந்தையில் இருந்த துப்பாக்கிகள் சுலபமாக இந்தத் தேர்வைத் தாண்டின. க்ளாக்கும்தான். போதாக்குறைக்கு, ஓசியில் கிடைத்த விளம்பரத்தில் க்ளாக் நாடு முழுக்கப் பிரபலமாகி, போலீஸ் இடுப்புகளிலேயே ஏறிவிட்டது.

ஆனால் இதில் ஒரு திருப்பம் உண்டு. 2013-ல் டெக்சாஸைச் சேர்ந்த கோடி வில்சன், 3டி பிரிண்டரில் அச்சடிக்கும் 'லிபரேட்டர்' என்ற பிளாஸ்டிக் துப்பாக்கியின் வரைபடத்தை இணையத்தில் போட்டார். கால் நூற்றாண்டுக்கு முன்பு இல்லாத ஒன்றுக்குப் பயந்து போட்ட சட்டத்துக்கு அன்றுதான் வேலை வந்தது. அதன்பிறகு இரண்டு முறை அதை நீட்டித்திருக்கிறார்கள். பீதியில் பிறந்தது என்பதாலேயே ஒரு சட்டத்தைக் குப்பை என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இது உதாரணம்.

ஆயுதம் என்று சொன்னாலே வரும் பதற்றம் சில நேரம் சிரிப்பாகவும் முடிந்திருக்கிறது. புரூஸ் லீ புகழ்பெறச் செய்த நஞ்சாக்கு கட்டைகளை 1974-ல் நியூயார்க் தடை செய்தது. வீட்டில் வைத்துப் பயிற்சி செய்வதுகூடக் குற்றம். 2018-ல்தான் நீதிமன்றம் அதை நீக்கியது. பிரிட்டன் தணிக்கைக் குழுவோ படங்களில் நஞ்சாக்கு வரும் காட்சிகளையே வெட்டித்தள்ளியது. அங்கே 'நின்ஜா டர்ட்டில்ஸ்' கார்ட்டூனில் 'நின்ஜா' என்ற சொல்லே கூடாது என்று 'ஹீரோ டர்ட்டில்ஸ்' ஆக்கினார்கள்.

பார்க்கப் பயங்கரமாக இருந்தால் போதுமா?

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்து குழந்தைகள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதன்பிறகு 'அசால்ட் வெப்பன்' என்ற சொல் தொலைக்காட்சிகளில் நிரந்தரமாகிவிட்டது. 1994-ல் கூட்டாட்சித் தடை வந்தது. பத்தாண்டு அமலில் இருந்து 2004-ல் காலாவதியானது.

அந்தச் சட்டம் எப்படி வரையறுத்தது? சில மாடல்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. மற்றவற்றுக்கு அம்சங்களை எண்ணச் சொன்னது. கழற்றக்கூடிய மேகசின் உள்ள செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் தனிக் கைப்பிடி, மடக்கும் அடிக்கட்டை, பயோனெட் மாட்டும் இடம் போன்றவற்றில் இரண்டு இருந்தால் தடை. ஒன்றை அறுத்தெறிந்தால் அதே துப்பாக்கி சட்டப்படி சரி. தயாரிப்பாளர்கள் அதைத்தான் செய்தார்கள்.

எஃப்பிஐ கணக்குப்படி 2019-ல் ஆயுத விவரத்தோடு பதிவான கொலைகள் 13,927. இதில் கைத்துப்பாக்கியால் நடந்தவை 6,368. கத்தி போன்ற வெட்டும் கருவிகளால் 1,476. கை, கால், முஷ்டியால் 600. எல்லா வகை ரைஃபிளும் சேர்ந்து 364. எந்தத் துப்பாக்கி என்று குறிப்பிடப்படாத 3,281 கொலைகள் தனி. அவற்றில் எவ்வளவு ரைஃபிளோ, அது இந்த அட்டவணையில் இல்லை. ஆனாலும் தொலைக்காட்சி விவாதத்தில் முக்கால்வாசி நேரம் எந்தத் துப்பாக்கியின் படம் ஓடுகிறது? ரைஃபிள். தினமும் ஆளைக் கொல்லும் கைத்துப்பாக்கி திரையில் எடுப்பாகத் தெரியாது.

தடையை எதிர்ப்பவர்கள் இந்த 364-ஐத்தான் எப்போதும் முன்வைப்பார்கள். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 26 பேர், 2017-ல் லாஸ் வேகஸ் இசைவிழாவில் 60 பேர், 2022-ல் யுவால்டி பள்ளியில் 21 பேர். இந்த மூன்றிலும் பயன்பட்டது ஏஆர்-15 ரகத் துப்பாக்கிகள். ஆண்டு முழுவதும் நடக்கும் கொலைகளின் சராசரியில் சிறிதாகத் தெரியும் ஒரு ஆயுதம், சில நிமிடத்தில் எத்தனை பேரைக் கொல்ல முடியும் என்ற கேள்வியில் மிகப் பெரிதாகிவிடுகிறது. குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் பேசுவதைப் பயங்காட்டல் என்று ஒதுக்குவது அபத்தம். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கைப்பிடியின் வடிவத்தை எண்ணிய சட்டம் அதற்குச் சரியான விடையா என்பது வேறு விஷயம்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களையும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களையும் வகையாகவே தடுத்தார்கள். லைசென்ஸ், பதிவு, வாங்கக் காத்திருப்புக் காலம் எல்லாம் வந்தன. சுமார் 6,50,000 துப்பாக்கிகளை அரசே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அங்கேயும் ஊடகம் கொந்தளித்தது. ஆனால் சட்டம் ஆயுதத்தின் தோற்றத்தைப் பார்க்கவில்லை, அது செய்யும் வேலையைப் பார்த்தது.

பயத்தை விற்பவர்கள் ஒரு பக்கம் மட்டும் இல்லை

தடை கேட்பவர்கள்தான் பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்தால் அது தப்பு. துப்பாக்கி வியாபாரம் ஓடுவதே பயத்தில்தான். அதுவும் இரட்டைப் பயம். வெளியே குற்றவாளி காத்திருக்கிறான் என்பது ஒன்று. அரசாங்கம் உங்கள் துப்பாக்கியைப் பிடுங்க வருகிறது என்பது மற்றொன்று.

ஒபாமா காலத்தில் இந்த இரண்டாவது பயம் உச்சத்தில் இருந்தது. சாண்டி ஹூக் நடந்த 2012 டிசம்பரில் மட்டும் துப்பாக்கி தொடர்பான பின்னணிச் சோதனைகள் 27 லட்சத்தைத் தாண்டின. தடை வரும் முன் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம். கூட்டாட்சித் தடை வரவே இல்லை. 2016 தேர்தலில் டிரம்ப் ஜெயித்ததும் பயம் போய்விட்டது, கூடவே விற்பனையும் போய்விட்டது. 'டிரம்ப் சரிவு' என்று சந்தையில் பெயரே வைத்தார்கள். இரண்டு நூற்றாண்டுப் பழமையான ரெமிங்டன் நிறுவனம் 2018 மார்ச்சில் திவால் மனு போட்டது. தங்களுக்கு வேண்டியவர் அதிபரானதும் துப்பாக்கிக் கம்பெனி படுத்துவிட்டது!

முதல் பயத்துக்குத் தீனி போடுவது இரவுச் செய்தி. 1990 முதல் 1998 வரை அமெரிக்காவில் கொலை விகிதம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே காலத்தில் தேசியத் தொலைக்காட்சிகளில் கொலைச் செய்திகள் 600 சதவீதம் கூடின என்று 'கல்ச்சர் ஆஃப் ஃபியர்' எழுதிய சமூகவியலாளர் பேரி கிளாஸ்னர் எடுத்துக்காட்டினார். ஓ.ஜே.சிம்சன் வழக்கைக் கழித்த பிறகே இந்தக் கணக்கு. கொலைச் செய்திக்குச் செலவு குறைவு. ஒரு கேமரா, ஒரு மஞ்சள் நாடா, அழும் உறவினர், அவ்வளவுதான்.

பலன் என்ன? 1993 முதல் 2022 வரை அமெரிக்காவில் வன்முறைக் குற்ற விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அதே காலத்தில் கேலப் நடத்திய 27 கருத்துக்கணிப்புகளில் 23-ல், குறைந்தது 60 சதவீதம் பேர் 'போன வருஷத்தைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது' என்றே சொன்னார்கள். உங்கள் பகுதியில் கூடிவிட்டதா என்று கேட்டால், ஆமாம் என்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். தன் தெருவைப் பற்றி மனிதர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார், நாட்டைப் பற்றி டிவி பார்த்துச் சொல்கிறார்.

பிரிட்டன்: பெயரும் பீதியும்

இந்த மொத்த விஷயத்துக்கும் 'மாரல் பேனிக்' என்று ஒரு பெயர் உண்டு. அதைப் பரவலாக்கியவர் சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன். 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் கடற்கரையில் இளைஞர்களிடையே நடந்த சிறு ரகளையை பிரிட்டிஷ் பத்திரிகைகள் எப்படிப் போர்க்களமாக மாற்றின என்று ஆராய்ந்து, 1972-ல் அவர் புத்தகம் வெளியிட்டார். சம்பவமே நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. நடந்தது எவ்வளவு, எழுதியது எவ்வளவு என்பதுதான் அவர் கேள்வி.

பட்டன் கத்தி, கிராவிட்டி கத்தி விற்பனையை பிரிட்டன் 1959-லேயே தடுத்துவிட்டது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பது 2021 ஜூலையில் வந்தது. இடையில் 'ஜோம்பி கத்தி' என்ற புதுப் பெயர் கிளம்பியது. ஜோம்பி படங்களின் பாணியில் ரம்பப் பல்லும் கலர் கைப்பிடியுமாக அலங்காரமாக விற்ற பெரிய கத்திகள் அவை. 2016-ல் போட்ட தடையில், கத்தியில் வன்முறையைத் தூண்டும் வாசகமோ படமோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். வாசகத்தை எடுத்துவிட்டு விற்றார்கள் வியாபாரிகள். 2024 செப்டம்பரில் வாசகம் இல்லாதவற்றையும் தடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் 'நின்ஜா வாள்' தடையும் வந்தது.

கடைசித் தடைக்குப் பின்னால் ஒரு தாயின் போராட்டம் இருக்கிறது. 2022-ல் வுல்வர்ஹாம்ப்டனில் அவரது 16 வயது மகனை, வேறொருவன் என்று தவறாக நினைத்து, சக வயதுச் சிறுவர்கள் கொன்றார்கள். கொன்றது நின்ஜா வாளால். அதை ஒருவன் ஆன்லைனில் பெற்றோரின் அடையாள ஆவணத்தைக் காட்டி வாங்கியிருந்தான். அந்தத் தாய் வாளைத் தடை செய்யச் சொன்னதோடு நிற்கவில்லை, ஆன்லைன் விற்பனையில் வயதை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்றும் கேட்டார். தலைப்புச் செய்தியில் வாள்தான் பெரிதாக வந்தது. உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம் இருப்பது இரண்டாவது கேள்விக்குத்தான்.

ஏனென்றால் இங்கிலாந்து, வேல்ஸில் கத்திக்குத்துக் கொலைகளில் அதிகம் பயன்படும் கத்தி எது என்று அரசுப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால், ஜோம்பி கத்தியோ நின்ஜா வாளோ முதலிடத்தில் இல்லை. சமையலறைக் கத்தி. அதை யாரும் ஆன்லைனில் தேட வேண்டியதில்லை, டிராயரில் இருக்கிறது.

அதனால் அங்கே சில மருத்துவர்களும் நீதித்துறையினரும் பல ஆண்டுகளாக ஒரு யோசனை சொல்லி வருகிறார்கள். சமையல் கத்தியின் முனையை வட்டமாக்குங்கள். காய் நறுக்கக் கூர்முனை தேவையில்லை, நெஞ்சில் ஆழமாக இறங்கத்தான் தேவை. குடும்பச் சண்டையில் ஒரு நொடி ஆத்திரத்தில் கைக்குக் கிடைப்பது அந்தக் கத்திதானே? 2025 ஜனவரியில் நடிகர் இட்ரிஸ் எல்பா, கத்திக் குற்றங்கள் பற்றிய தனது பிபிசி ஆவணப்படத்தையொட்டி இதையே சொன்னார். சமூக வலைதளங்களில் கிண்டல் மழை பொழிந்தது. எந்த அரசும் இதுவரை அதைச் சட்டமாக்கவில்லை.